புத்ததத்த தேரர்

ஆசாரிய புத்ததத்த தேரர் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டில் வாழ்ந்த பௌத்தத் துறவியும் பாலி மொழி நூலாசிரியரும் ஆவார். உறையூரைச் சேர்ந்த இவர், காவிரிப்பூம்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் இருந்த விகாரைகளில் தங்கி நூல்கள் எழுதினார். மாணவர்களுக்கு ஆசிரியராகவும் விளங்கினார். அபிதம்மாவதாரம், விநயவிநிச்சயம், உத்தரவிநிச்சயம் ஆகியவை இவருடைய முதன்மையான நூல்கள். இலங்கை, மியான்மர், தாய்லாந்து ஆகிய தேரவாத பௌத்த நாடுகளில் நன்கு அறியப்பட்ட இவர், தாம் பிறந்த தமிழகத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டவர்.

களப்பிரர் காலத்தைப் பற்றி ஆராய்வோருக்கும் இவர் முக்கியமானவர். அக்காலச் சோழ நாட்டில் வாழ்ந்த ஒருவரே அந்நாட்டைப் பற்றி எழுதிவைத்த செய்திகள் மிகக் குறைவு. அவற்றுள் இவருடைய நூல்களின் இறுதிப் பாடல்கள் அடங்கும்.

பெயரும் ஊரும்

அபிதம்மாவதாரத்தின் இறுதிக் குறிப்பு, நூலாசிரியரை "உரகபுரத்தில் வாழ்பவர்" என்று குறிக்கிறது. உரகம் என்றால் பாம்பு. உரகபுரம் என்பது உறையூருக்கு வடமொழியாளர் வழங்கிய பெயர். சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் கி.பி. 674இல் வெளியிட்ட கத்வால் செப்பேடு, தான் சோழ நாட்டில் காவிரியின் தென்கரையில் உள்ள உரகபுரத்தில் பாசறை அமைத்திருந்ததாகக் கூறுகிறது. இன்றைய திருச்சிராப்பள்ளி நகரத்தின் ஒரு பகுதியான உறையூர் காவிரியின் தென்கரையிலேயே உள்ளது. எனவே இரண்டும் ஒன்றே என்று கொள்வது பொருத்தமானது.

சங்க காலச் சோழர்களுக்கு உறையூர் தலைநகரம், காவிரிப்பூம்பட்டினம் துறைமுகம். புத்ததத்தரின் வாழ்க்கை இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட காவிரிப் படுகையில் நிகழ்ந்தது.

"புத்ததத்தர்" என்பதற்குப் "புத்தரால் கொடுக்கப்பட்டவர்" என்பது பொருள். துறவு பூண்டபோது ஏற்ற பெயராகவே இது இருக்க வேண்டும். பெற்றோர், குடும்பம், பிறந்த ஆண்டு பற்றிய குறிப்புகள் அவர் நூல்களில் இல்லை. வீட்டைத் துறந்தவர் தம் குலத்தையும் பிறப்பையும் எழுதிவைப்பது அக்கால வழக்கம் அன்று.

தேரர் என்னும் நிலை

தேரர் என்பது பாலியில் "மூத்தவர்" என்று பொருள்படும். முழுத்துறவு ஏற்று பத்து ஆண்டுகள் நிறைந்த பிக்குவைத் தேரர் என்றும், இருபது ஆண்டுகள் நிறைந்தவரை மகாதேரர் என்றும் அழைப்பது தேரவாத மரபு. கிறித்தவ ஆயர் ஒரு மறைமாவட்டத்தை ஆள்வதுபோல, ஒரு பகுதியிலுள்ள விகாரைகள் அனைத்தையும் ஆளும் அதிகாரியை விநய நூல் வகுக்கவில்லை. துறவில் மூத்தவருக்கு இளையவர் மரியாதை செய்வர். வழக்குகளைச் சங்கம் கூடி விநய நூலின்படி தீர்க்கும். ஆகவே ஒரு தேரருடைய செல்வாக்கு அவருடைய கல்வியையும் ஒழுக்கத்தையும் மாணவர்களையும் பொறுத்து அமைந்தது.

புத்ததத்தரை "ஆசாரியர்" என்றும் "பதந்தர்" என்றும் நூற்குறிப்புகள் போற்றுகின்றன. புத்தசீகர், சுமதி, சங்கபாலர் ஆகியோர் வேண்டிக்கொண்டதால் நூல்கள் எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். கேட்கும் மாணவர்களும் எழுதும் ஆசிரியரும் கூடி வாழ்ந்த கல்விக்கூடங்களாக அந்த விகாரைகள் இருந்தன என்பதை இதிலிருந்து அறியலாம்.

இலங்கைக் கல்வி

புத்ததத்தர் கடல் கடந்து இலங்கை சென்று அனுராதபுரத்திலுள்ள மகாவிகாரையில் கல்வி பயின்றார். அக்காலத்தில் அனுராதபுரம் பௌத்தக் கல்வியின் பெரிய மையம். சீனத் துறவி பாகியான் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு இரண்டு ஆண்டுகள் தங்கினார். அபயகிரி விகாரையில் 5,000 துறவிகளும் மகாவிகாரையில் 3,000 துறவிகளும் இருந்ததாக அவர் எழுதியுள்ளார்.

திரிபிடகம் எனப்படும் பௌத்த மூல நூல்கள் பாலியில் இருந்தன. ஆனால் அவற்றுக்கான பழைய உரைகள் பல இலங்கையில் சிங்கள மொழியில் இருந்தன. இதனால் சிங்களம் அறியாத தமிழ்நாட்டு, ஆந்திர நாட்டு, வடநாட்டுத் துறவிகள் அவ்வுரைகளைப் பயன்படுத்த முடியவில்லை. அவற்றைப் பாலியில் தர வேண்டும் என்ற எண்ணம் அந்நூற்றாண்டின் அறிஞர்களிடம் இருந்தது. அப்பணியின் பெரும்பகுதியைச் செய்து முடித்தவர் புத்தகோசர். விசுத்திமார்க்கம் என்னும் புகழ்பெற்ற நூலின் ஆசிரியரும் அவரே. இலங்கை மன்னன் மகாநாமன் காலத்தில் அவர் அனுராதபுரம் வந்தார்.

கடலில் நடந்த சந்திப்பு

புத்ததத்தரையும் புத்தகோசரையும் இணைக்கும் கதை ஒன்று தேரவாத நாடுகளில் வழங்குகிறது. புத்ததத்தர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த மரக்கலமும் புத்தகோசர் இலங்கைக்குச் சென்ற மரக்கலமும் நடுக்கடலில் எதிர்ப்பட்டன. இருவரும் ஒருவரை ஒருவர் நலம் கேட்டனர். சிங்கள உரைகளைப் பாலியில் பெயர்க்கச் செல்வதாகப் புத்தகோசர் சொன்னார். "நானும் அதற்காகவே சென்றேன், முழுவதும் செய்து முடிக்க என் ஆயுள் போதாது. நீங்கள் அதை நிறைவேற்றுங்கள்" என்ற கருத்தில் புத்ததத்தர் வாழ்த்தினார். எழுதி முடித்த உரைகளைத் தமக்கு அனுப்பினால் அவற்றைச் சுருக்கித் தருவதாகவும் கூறினார். தமக்குச் சக்கன் (இந்திரன்) கொடுத்த கடுக்காயையும் இரும்பு எழுத்தாணியையும் அவர் புத்தகோசருக்குக் கொடுத்தார் என்றும் கதை சொல்கிறது.

இக்கதையை விரிவாகக் கூறும் புத்தகோசுப்பத்தி என்னும் நூல், இருவரும் வாழ்ந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. ஆகவே கடற்சந்திப்பை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ளாமல் மரபுக் கதையாகவே கொள்ள வேண்டும். எனினும் கதைக்கு ஓர் அடிப்படை உண்டு. புத்தகோசர் விரித்து எழுதினார். புத்ததத்தர் சுருக்கி எழுதினார். ஒரே கல்வி மரபைச் சேர்ந்த இவ்விரண்டு பணிகளுக்கும் இடையிலுள்ள உறவைப் பிற்காலத்தார் ஒரு காட்சியாக அமைத்துக்கொண்டனர் எனலாம்.

இரண்டு விகாரைகள்

புத்ததத்தர் தம் நூல்களின் இறுதியில், எந்த ஊரில், யார் கட்டிய விகாரையில் இருந்து எழுதினார் என்பதைக் குறித்துள்ளார்.

முதலாவது, காவிரிப்பூம்பட்டினத்தில் கண்ணதாசர் (பாலியில் கண்ஹதாசர்) கட்டிய விகாரை. நற்குடிப் பிறந்த ஆடவரும் பெண்டிரும் நிறைந்த நகரம், தெளிந்த ஆற்றுநீர், பல வகை மணிகள் குவிந்த கடைத்தெருக்கள், சோலைகள், அழகிய வாயிலும் மதிலும் கொண்ட விகாரை என்று அவர் விவரிக்கிறார். அபிதம்மாவதாரம் இங்குதான் எழுதப்பட்டது.

இரண்டாவது, சோழ நாட்டின் நடுவில் இருந்த பூதமங்கலம் என்னும் ஊரில் விண்டுதாசர் (வேண்ஹுதாசர்) கட்டிய விகாரை. வாழை, பனை, கரும்பு, தென்னை ஆகியவை செறிந்த ஊர். தாமரையும் குவளையும் மூடிய குளங்கள். காவிரி நீர் பாய்ந்து தூய்மையான நிலம். சுற்றிலும் மதிலும் அகழியும் கொண்ட விகாரை என்பது அவர் தரும் வருணனை. தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இந்த வருணனையில் புதியதாக எதுவும் இருக்காது. வாழைக்கொல்லையும் தாமரைக் குளமும் வாய்க்கால் நீரும் இன்றும் அப்பகுதிக்கு உரியவை. பூதமங்கலம் என்ற பெயருடைய ஊர் திருவாரூர் மாவட்டத்தில் கூத்தாநல்லூருக்கு அருகில் இப்போதும் உள்ளது. விநயவிநிச்சயம் எழுதப்பட்ட ஊர் பூதமங்கலமே.

விகாரைகளைக் கட்டிய இருவரின் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. கண்ணதாசர் என்றால் கண்ணனின் அடியவர். விண்டுதாசர் என்றால் திருமாலின் அடியவர். திருமாலின் பெயரைத் தாங்கியவர்கள் பௌத்தத் துறவிகளுக்கு விகாரை கட்டியிருக்கிறார்கள். அவர்கள் வைணவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்தை ஆதரித்தவர்களாக இருக்கலாம். அல்லது அக்காலத்தில் இப்பெயர்கள் சமய வேறுபாடின்றி இடப்பட்டிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், பிற்காலத்தில் கண்டதுபோன்ற கூர்மையான சமயப் பிரிவு அன்றைய பட்டினத்தில் இல்லை என்பது தெரிகிறது.

களப்பிரர் காலச் சான்று

விநயவிநிச்சயத்தின் இறுதியில், இந்நூல் அச்சுதவிக்கந்தன் (அச்சுதவிக்கிராந்தன்) என்னும் மன்னன் நாட்டை ஆண்டபோது தொடங்கி முடிக்கப்பட்டது என்ற குறிப்பு உள்ளது. அம்மன்னன் "களம்ப" குலத்தை மகிழ்விப்பவன் எனப்படுகிறான். ஏட்டுப் பிரதிகளில் இச்சொல்லின் வடிவம் சிறிது மாறி வருகிறது. இது களப்பிரர் குலத்தைக் குறிப்பதாகவே வரலாற்றறிஞர்கள் கொள்கின்றனர். அச்சுதன் என்ற மன்னனைப் புகழும் தமிழ்ப் பாடல்கள் யாப்பருங்கல விருத்தியுரையில் மேற்கோளாக வந்துள்ளன.

பள்ளிப் பாடநூல்களில் கி.பி. 3ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலான காலம் "இருண்ட காலம்" என்று நெடுநாள் கற்பிக்கப்பட்டது. களப்பிரர் என்பவர் எங்கிருந்தோ வந்து, மூவேந்தரையும் வென்று, நாட்டைப் பாழாக்கினர் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்தது. இந்த எண்ணத்துக்குப் பெரிதும் காரணமாக இருந்தது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடு. பாண்டியன் கடுங்கோன் களப்பிரரை அகற்றியதையும், களப்பிர அரசன் பிராமணர்களின் நிலக்கொடையைப் பறித்ததையும் அது கூறுகிறது. களப்பிரரை வென்ற குலத்தார், இழந்த நிலத்தை மீண்டும் வழங்கும்போது எழுதிய ஆவணம் அது. அதில் களப்பிரருக்குச் சாதகமான செய்தியை எதிர்பார்க்க முடியாது.

புத்ததத்தரின் குறிப்போ களப்பிரர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டது. வாணிகம் நடக்கும் பட்டினத்தையும், நீர் வளம் மிக்க ஊரையும், செல்வர் கட்டிய விகாரைகளையும், இடையூறின்றி நூல் எழுதும் துறவியையும் அது காட்டுகிறது. இதுவும் ஒரு பக்கச் செய்திதான். பௌத்தத்தை ஆதரித்த ஆட்சியைப் பௌத்தத் துறவி புகழ்வது இயல்பு. இறுதிப் பாடல்களில் ஊரையும் மன்னனையும் சிறப்பித்துக் கூறுவது இலக்கிய வழக்கமும் ஆகும். ஆயினும், தோப்பும் துரவும் கல்வியும் கட்டடமும் இருந்த நாட்டை இருள் சூழ்ந்த நாடு என்று கூறுவது பொருந்தாது.

ஒரு காலத்தை "இருண்டது" என்று சொல்லும்போது, அக்காலம் இருண்டதா, அக்காலத்தைப் பற்றிய நம் அறிவு இருண்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு வெளிவந்த பின்பு இக்கேள்வி மேலும் வலுப்பெற்றது. களப்பிரர் காலத்தது எனப் பலரும் கருதும் அக்கல்வெட்டு, கோயில்களுக்கும் பிரமதேய நிலங்களுக்கும் அரசு செய்த ஏற்பாடுகளைக் குறிப்பிடுகிறது. தமிழ்ச் சான்றுகளை மட்டும் தேடியவர்களின் கண்ணில் புத்ததத்தர் படாமல் போனதற்குக் காரணம், அவர் எழுதிய மொழி பாலியாக இருந்ததே.

நூல்கள்

அபிதம்மாவதாரம்: "அவதாரம்" என்பதற்கு இங்கே "இறங்குதல்", "நுழைதல்" என்பது பொருள். அபிதம்மம் என்னும் ஆழ்ந்த தத்துவப் பகுதிக்குள் மாணவர் இறங்குவதற்கான படித்துறை இந்நூல். சுமதி என்னும் மாணவர் கேட்டதால் எழுதப்பட்டது. செய்யுளும் இடையிடையே உரைநடையும் கலந்து 24 அதிகாரங்களில் அமைந்துள்ளது. உள்ளத்தின் நிலைகள் 89, உள்ளத்தோடு சேர்ந்து எழும் கூறுகள் 52, பருப்பொருளின் கூறுகள் 28 என்று அபிதம்மம் வகுக்கும் கணக்கை இது ஒழுங்குபடுத்தி விளக்குகிறது.

இந்நூலின் சிறப்பு அதன் பகுப்பு முறை. புத்தகோசர் பொருள்களை ஐந்து கந்தங்களாக (உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு) வைத்து விளக்கினார். புத்ததத்தர் உள்ளம், உள்ளக் கூறு, உருவம், நிர்வாணம் என்ற நான்கு பிரிவுகளில் வைத்தார். ஐந்து கந்தங்களுக்குள் நிர்வாணம் அடங்காது. நான்கு பிரிவு முறையில் அதற்கும் இடம் கிடைக்கிறது, கற்பவருக்கும் எளிதாகிறது. பிற்காலத்தில் அனுருத்தர் எழுதிய அபிதம்மத்த சங்கிரகம் இதே நான்கு பிரிவு முறையைப் பின்பற்றியது. மியான்மரில் இன்றும் அபிதம்மம் கற்பவர்கள் முதலில் படிப்பது அச்சங்கிரகத்தையே.

விநயவிநிச்சயம்: துறவிகளின் ஒழுக்க விதிகளைச் செய்யுளில் சுருக்கிக் கூறும் நூல். புத்தசீகர் வேண்டியதால் எழுதப்பட்டது. 31 அதிகாரங்களும் 3,000க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. தேரவாதத்தில் பிக்குவுக்கு 227 விதிகள் உள்ளன. ஒவ்வொரு விதிக்கும் அது தோன்றிய காரணம், விலக்கு, தவறினால் செய்ய வேண்டியது என்று விநய உரை பல்லாயிரம் வரிகளில் விரியும். அதை முழுவதும் ஓலையில் எழுதி வைத்துக்கொள்வதும் மனப்பாடம் செய்வதும் இளம் துறவிக்கு இயலாத செயல். வாய்பாடு போலவும் நிகண்டு போலவும், பாட்டாக இருந்தால் மனத்தில் நிற்கும் என்பதை ஆசிரியரான அவர் அறிந்திருந்தார்.

உத்தரவிநிச்சயம்: மேற்கண்ட நூலின் தொடர்ச்சி. சங்கபாலர் கேட்டுக்கொண்டதால் இயற்றப்பட்டது. ஏறத்தாழ 970 பாடல்கள் கொண்டது. விநய பிடகத்தின் இறுதிப் பகுதியான பரிவாரத்தின் செய்திகளைச் சுருக்கித் தருகிறது.

ரூபாரூபவிபாகம்: உருவம், அருவம் ஆகியவற்றின் பகுப்பைக் கூறும் சிறு நூல்.

மதுரத்தவிலாசினி: கௌதம புத்தரின் வரலாற்றையும் அவருக்கு முற்பட்ட புத்தர்களின் வரலாற்றையும் கூறும் புத்தவம்சத்துக்கு எழுதப்பட்ட உரை. இதுவும் புத்ததத்தர் இயற்றியது என்பது மரபு.

தொல்லியல் சான்று

இந்தியத் தொல்லியல் துறை 1960களில் காவிரிப்பூம்பட்டினத்தில் அகழாய்வு நடத்தியது. பல்லவனேசுவரம் என்னும் இடத்தில் செங்கல்லால் கட்டப்பட்ட பௌத்த விகாரையின் அடித்தளம் வெளிப்பட்டது. துறவிகள் தங்கும் சதுர அறைகள் வரிசையாகவும் அவற்றின் முன்னே பொதுவான தாழ்வாரமும் அமைந்திருந்தன. அருகில் ஒரு கோயிற் பகுதியும், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் கிடைத்தன. ஆந்திர நாட்டுச் சிற்ப மரபைச் சேர்ந்த அப்பாதத்தில் மங்கலச் சின்னங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்விகாரையின் காலம் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகள் என்று கணிக்கப்பட்டது.

புத்ததத்தர் வாழ்ந்த காலத்தோடு இது பொருந்துகிறது. இதுவே கண்ணதாசர் கட்டிய விகாரை என்று காட்டும் எழுத்துச் சான்று எதுவும் அங்கு கிடைக்கவில்லை. ஆனால் பட்டினத்தில் பௌத்த விகாரை இருந்தது என்ற அவருடைய கூற்றும், பௌத்தச் சூழலை விரிவாகக் காட்டும் மணிமேகலைக் காப்பியமும் வெறும் கற்பனை அல்ல என்பதை அந்தச் செங்கற்கள் உறுதிப்படுத்தின. இவ்விடம் இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் பூம்புகார் அருகே உள்ளது. வெளிப்பட்ட கட்டட அடித்தளத்தை இன்றும் சென்று பார்க்கலாம்.

பிற்காலம்

புத்ததத்தரின் நூல்கள் அவருக்குப் பின் கடல் கடந்து வாழ்ந்தன. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் பாலிக் கல்வி மீண்டும் செழித்தது. அக்காலத்துப் பேரறிஞர் சாரிபுத்தரின் மாணவரான சுமங்கலர் அபிதம்மாவதாரத்துக்கு விரிவான உரை எழுதினார். உரை எழுதும் அளவுக்கு அந்நூல் பாடமாகப் பயிலப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

20ஆம் நூற்றாண்டில் இலண்டனிலிருந்து இயங்கிய பாலி நூற்கழகம் இவருடைய நூல்களை உரோமன் எழுத்தில் 1915இலும் 1928இலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. பதிப்பித்தவர் இலங்கை அம்பலாங்கொடையைச் சேர்ந்த ஏ.பி. புத்ததத்த தேரர் (1887–1962). பெயர் ஒற்றுமையால் இவ்விருவரையும் ஒருவராகக் கொள்ளக்கூடாது. தமிழில் மயிலை சீனி. வேங்கடசாமி, பௌத்தமும் தமிழும் என்ற நூலில் தமிழ்நாட்டுப் பௌத்தப் பெரியார்களின் வரலாற்றைத் தொகுத்தபோது புத்ததத்தரையும் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார்.

சோழ நாட்டில் பௌத்தம் புத்ததத்தரோடு முடிந்துவிடவில்லை. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன், சிறீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். அதே நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலைத் தமிழில் இயற்றினார். நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1934 வரை ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கண்டெடுக்கப்பட்டன. தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் வயலோரங்களிலும் குளக்கரைகளிலும் கருங்கல் புத்தர் சிலைகள் பல கிடைத்துள்ளன. சில ஊர்களில் அவை வேறு பெயர்களில் வழிபடப்படுகின்றன.

புத்ததத்தர் தமிழில் எழுதியதாக எந்த நூலும் கிடைக்கவில்லை. அவர் பாலியைத் தேர்ந்ததால், அவர் எழுத்து இலங்கைக்கும் மியான்மருக்கும் தடையின்றிச் சென்றது; அங்குள்ள மடங்களில் படி எடுக்கப்பட்டுப் பிழைத்தது. சோழ நாட்டு விகாரைகள் மறைந்தபோது, அந்நூல்களைப் பாடம் சொல்வாரும் படி எடுப்பாரும் இங்கு இல்லாமற்போயினர். குண்டலகேசி போன்ற தமிழ்ப் பௌத்த நூல்களில் சில பாடல்கள் தவிர மற்றவை அழிந்ததற்கும் இதுவே காரணம். காவிரிக் கரையில் எழுதப்பட்ட ஒரு பாடநூல் பதினைந்து நூற்றாண்டுகளாகப் பிற நாட்டு மாணவர்களின் கையில் இருந்து வருகிறது. அதன் இறுதிப் பாடல்களில் பூதமங்கலத்துத் தென்னந்தோப்பும் தாமரைக் குளமும் இன்னும் உள்ளன. அபிதம்மாவதாரமும் விநயவிநிச்சயமும் தெளிந்த குறிப்புரையுடன் தமிழில் கிடைக்குமானால், 5ஆம் நூற்றாண்டுச் சோழ நாட்டைப் பற்றி மாணவர்கள் நேரடியாக அறிந்துகொள்ள வழி ஏற்படும்.